நடு மாப்பிள்ளை பிடித்த மீன்

இரத்த அழுத்தம் வந்தது மாமனாருக்கு. மருந்து குடித்தது மாப்பிள்ளைகள் மூன்று பேர்.

மருத்துவர் சொன்னது சின்ன விஷயம்தான். "கொஞ்ச நாள் தொழிலை மறந்துட்டு, மனசுக்குப் பிடிச்ச இடமாப் பார்த்துப் போய்ட்டு வாங்க." வேறொருவராக இருந்தால் மகள் வீட்டில் நாலு நாள் தங்கி, பேரப்பிள்ளைகளை அதட்டி, தலையணை சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார். இவரோ பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையைக் கட்டி ஆள்கிற மனிதர். எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. தொலைக்காட்சியில் எவனோ ஒருவன் முழங்கால் அலையில் நின்று, இரண்டு ஆள் உயரத் தூண்டிலை வீசி, கன்றுக்குட்டி மாதிரி ஒரு மீனைக் கரைக்கு இழுப்பதைப் பார்த்தார். பார்த்துத் தொலைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

படகு கிடையாது, வலை கிடையாது. கரையில் நின்றபடியே அலைக்குள் தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்கென்றே கடல் கடந்து, விமானம் மாறி, ஜீப்பில் எலும்பெல்லாம் இடம் மாறிப் போய்ச் சேர்ந்தால், மனித வாடையே இல்லாத கரையில் ஒரு மரவீட்டு விடுதி இருக்கிறதாம். காசு கொடுத்துக் கஷ்டப்படுவதற்கு உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்களாம். "மாப்பிள்ளைங்களும் வரட்டும்" என்றார் மாமனார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று மாப்பிள்ளைகளும் அந்த மூடித் தொழிற்சாலையில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள் தொழிலாளிகள். மாமனார் தும்மினால் இவர் "ஆமா மாமா" என்பார். இளையவனுக்குக் கேமரா என்று பெயர். கைபேசியை நீட்டிப் படம் பிடிக்காமல் அவனால் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிட முடியாது. நடுவில் இருந்தவன்தான் நம் ஆள். இவனுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு யாரும் இவனைக் கவனித்ததில்லை.

நடு மாப்பிள்ளை தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் தலைவர் மட்டும்தான் இருந்தார், ஆட்கள் கிடையாது. கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, சுழலும் நாற்காலி, ஒரு மேசை. மேசைக்குத் தட்டுத் தட்டாக மூடிகள் வரும். ஒவ்வொன்றாக எடுத்து, மாதிரிப் பாட்டிலில் திருகி, திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரி என்று வைப்பான். பதினோரு வருஷத்தில் ஒரு கெட்ட மூடிகூட அவன் மேசைக்கு வந்ததில்லை. தன் கண்டிப்புக்குப் பயந்துதான் கீழே எல்லாரும் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. ஆளுக்கொரு பெருமை வேண்டாமா, வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் சம்பளம் வயிற்றை நிரப்பினாலும், அந்தப் பெருமை மனசை நிரப்பவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் "மாமனார் கம்பெனியிலதானே இருக்கீங்க?" என்பார்கள். அந்த "தானே" இருக்கிறதே, அது முதுகில் வைத்த சூடு. வேறு ஊரில், ஒரு பாட்டில் கம்பெனியில், மூடி வாங்கும் பிரிவுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும், மனைவிக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தான். மூடியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாமா சௌக்கியமா, உடம்பு எப்படி இருக்கு என்று விசாரித்தார்கள், நல்ல காப்பி கொடுத்தார்கள், வேலையையும் கொடுத்தார்கள். பெரிய இடத்துக்காரர்களுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிலாகித்தான்.

இனி மாமனாரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் மலை. வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் பதில் சொல்வதாகப் பாட்டில் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மாமனார் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆசாமி அவன்.

பெட்டி கட்டும்போது மனைவி கம்பளிக் காலுறையைச் சுருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, இந்தத் தடவை சொல்லாம மட்டும் திரும்பி வந்துடாதீங்க. அங்க போன் மணி அடிக்காது, ஆளுங்க கூப்பிட மாட்டாங்க. இதை விட்டா அப்பாவைத் தனியாப் பிடிக்க முடியாது."

"சொல்லிடறேன்."

"சொல்லிடறேன் சொல்லிடறேன்னு ஒரு மாசமா சொல்றீங்க. சொல்லலைன்னா அந்தக் கண்ணாடி ரூம்லயே பாயைப் போட்டுப் படுத்துக்குங்க. வீட்டுக்கு வர வேணாம்."

விமானத்தில் மாமனாருக்குப் பக்கத்து இருக்கை இவனுக்கே வாய்த்தது. தொண்டையைக் கனைத்தான். மாமனார் திரும்பி, "தண்ணி வேணுமா மாப்ள?" என்றார். ஆமாம் மாமா என்று வாங்கிக் குடித்தான். இன்னொரு தடவை கனைத்தான். இன்னொரு தண்ணீர் வந்தது. கடலைத் தாண்டி முடிப்பதற்குள் கழிப்பறைக்கு நடந்து நடந்தே பாதி தூரத்தைக் கடந்திருப்பான். ஜீப்பில் மாமனாரே, "ஏதாவது சொல்லணுமா மாப்ள? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நின்றது. இவன் என்ன சொன்னான் தெரியுமா? "குளிர் நல்லா இருக்கு மாமா" என்றான். "ஆமா மாமா, நல்ல குளிர்" என்று பின்னாலிருந்து ஆமாஞ்சாமியும் ஒத்து ஊதினார். மாமனார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதி என்பது மணல் மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த நாலு மர அறைகள். ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து வெளியே மூடுபனி மாதிரித் தெரியும். நடுக்கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு, அதற்கு மேலே கம்பியில் உலர்கிற ஈரக் காலுறைகள், காலுறைகளின் வாசனையோடு சாப்பாடு. நடத்துவது ஒரு அம்மாள். மாமனார் வயசுதான் இருக்கும். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கத்தி, முகத்தில் சிரிப்பென்று எதுவும் கிடையாது. வந்தவர்களுக்கு மார்புவரை ஏறும் ரப்பர்க் கால்சட்டையை மாட்டிவிட்டு, கரைக்குக் கூட்டிப் போய், அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் கறுப்பாக ஓடுகிறது என்று காட்டினாள். கறுப்பாக ஓடுகிற இடம் பள்ளம். மீன் அங்கேதான் திரியும், அங்கே வீசுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிடிக்கிற மீனை அளந்துவிட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும், அதுதான் இந்தக் கரையின் சட்டம் என்றும் சொன்னாள்.

"திரும்ப விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேமரா முணுமுணுத்தான்.

"மாமாவுக்குத் தெரியாததா? பேசாம இருங்க சகலை" என்றார் ஆமாஞ்சாமி.

அன்றைக்குச் சாயங்காலம் ஆமாஞ்சாமி மற்ற இரண்டு சகலைகளையும் துணி காயப்போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். தொழிற்சாலையில் சம்பள உயர்வைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் இவ்வளவு தாழ்ந்ததில்லை.

"சகலைங்களா, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. மாமாவுக்கு முன்னாடி நம்ம யாருக்கும் மீன் மாட்டக் கூடாது. புரியுதா? மாமா பிடிக்கணும், நாம கை தட்டணும். உடம்பு சரியில்லாத மனுஷன். நமக்கு மாட்டி அவருக்கு மாட்டலைன்னா மனசு என்னமா நோகும்?"

"மீன் நம்மளைக் கேட்டுக்கிட்டா வரும்?" என்றான் கேமரா.

"இரை வைக்காம வீசுங்க. வெறும் முள்ளைப் பார்த்து எந்த மீன் வரும்? அப்படியே ஏதாவது தப்பித் தவறி மாட்டிட்டா, உடனே தூண்டிலை மாமா கையில குடுத்துடணும். இது நம்ம குடும்ப மரியாதை."

கடல் கடந்து, காசைத் தண்ணீராய் இறைத்து, ரப்பருக்குள் உடம்பை அடைத்துக்கொண்டு, மீன் பிடிக்காமல் இருப்பதற்கு ஒரு திட்டம். இப்படி ஒரு அறிவாளித்தனம் வேறு எந்தக் குடும்பத்துக்காவது வருமா? நடு மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. தலையை என்னவோ ஆட்டிவைத்தான். ஆட்டிப் பழகிய தலை.

மறுநாள் நாலு பேரும் கரையில் வரிசையாக நின்றார்கள். மணலில் குழாய்களை ஊன்றி அதில் தூண்டில்களை நிறுத்தியிருந்தார்கள். மாமனார் தூண்டிலில் மட்டும் கணவாய் மீன் துண்டு, மற்ற மூன்றிலும் காற்று. மாமனாரின் வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயக்குண்டு ஒரு திசையில் போகும், தொப்பி ஒரு திசையில் போகும். "பிரமாதம் மாமா" என்று ஆமாஞ்சாமி தொப்பியைப் பொறுக்கிவர ஓடுவார். குண்டு பள்ளத்துக்கு இந்தப் பக்கமே, குழந்தைகள் கால் நனைக்கிற இடத்தில் விழுந்து கிடக்கும். நாள் முழுக்க நின்று மாமனார் பிடித்தது ஒரு கொத்துக் கடற்பாசி. கேமரா அதையும் படம் எடுத்தான்.

"உங்களுக்கும் ஒண்ணும் மாட்டலையா மாப்ள?" என்று மாமனார் ஒவ்வொருவராக விசாரித்தார்.

"இல்ல மாமா, இன்னைக்குக் கடலே சரியில்ல" என்றார் ஆமாஞ்சாமி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கடலே கோணலாகிவிட்டது.

விடுதிக்கார அம்மாள் இரைப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். கணவாய் அனேகமாகக் கொடுத்தபடியே இருந்தது. மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் கடற்கரையில் நின்றுகொண்டு வேண்டுதல் ஏதாவது செய்வீர்களா என்று கேட்டாள். மானம் போகிறதே என்று நடு மாப்பிள்ளைக்குக் காது சுட்டது.

அதற்கடுத்த நாளும் இதே கூத்து. அன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுவதென்று உறுதி எடுத்துக்கொண்டு, மாமனாருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். மாமனாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இவன் வாயையே பார்த்தார். "உப்பு..." என்றான் இவன். உப்பு ஜாடி வந்தது. போட்டுக்கொண்டு, கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டு முடித்தான். படுக்கையில் கிடந்து யோசித்தபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது. பேசத்தான் துப்பில்லை, ஒரு மீனாவது பிடித்தால் என்ன? இரை வைக்காமல் தூண்டில் போடுகிறவன், வாயைத் திறக்காமல் வேலையை விடப் பார்க்கிறவன், இரண்டு பேரும் ஒரே முட்டாள்தானே!

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள். காலையில் மற்றவர்கள் ரப்பர்க் கால்சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் முதலில் கரைக்குப் போய் இரைப்பெட்டியைத் திறந்தான். கணவாய் வழுக்கிற்று. முள் விரலில் ஏறி ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, பெரிய துண்டாகப் பார்த்துக் கோத்து, அம்மாள் காட்டிய கறுப்பு ஓட்டத்தைக் குறி வைத்து வீசினான். குண்டு போன தூரத்தைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து வரிசையில் நின்றுகொண்டான்.

வெயில் கொஞ்சம் ஏறியபோது அவன் தூண்டில் இரண்டு தரம் தலையாட்டியது. மூன்றாவது தரம் தலையாட்டவில்லை, அப்படியே கடலைப் பார்த்துக் குப்புற வளைந்தது. தூண்டில் சக்கரம் கிறீச்சென்று அலறி நைலான் நரம்பைக் கக்கிற்று. ஓடிப்போய்க் குழாயிலிருந்து பிடுங்கித் தூக்கினான். மறுமுனையில் ஏதோ ஒன்று, இவன் ஒருவன் இருப்பதையே மதிக்காமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற நரம்பைக் கையால் தடுக்கப் பார்த்தான். விரல் கிழிந்ததுதான் மிச்சம். தொடாதே, போக விடு, களைத்தபின் இழு என்று விடுதிக்கார அம்மாள் மேட்டிலிருந்து கத்தினாள்.

"ஐயையோ சகலை, என்ன காரியம் பண்ணீங்க!" ஆமாஞ்சாமி மணலில் விழுந்து எழுந்து ஓடிவந்தார். "இரை வச்சீங்களா? குடுங்க, மாமாகிட்டக் குடுங்க!"

"கொஞ்சம் இருங்க சகலை!"

"இருக்கிறதாவது! மாமா, வாங்க மாமா, உங்க மீன் வந்திருக்கு!"

மாமனார் வந்து பின்னால் நின்றார். நடு மாப்பிள்ளையால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. இரண்டு கையும் தூண்டிலில், கண் இரண்டும் கடலில். முகம் பார்க்க வேண்டியதில்லை, கைகட்டி நிற்க வேண்டியதில்லை, தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பதினோரு வருஷமாக மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்த நாக்கு, மீன் இழுத்த இழுப்பில் தானாகக் கழன்றுகொண்டது.

"மாமா, நான் வேலையை விட்டுடறேன்!"

"என்ன மாப்ள? அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"வேலையை விடறேன் மாமா! வேற வேலை கிடைச்சிருக்கு!"

மாமனார் குரங்குக் குல்லாவைக் கழற்றிவிட்டுக் காதுக்குக் கையை வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க!"

"உங்க கம்பெனி எனக்கு வேணாம் மாமா! நான் போறேன்!" அடிவயிற்றிலிருந்து கத்தினான். மேட்டில் நின்ற அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவளுக்கும் விளங்கியிருக்கும். ஆமாஞ்சாமி வாயில் கை வைத்துக்கொண்டார். கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்தான். அலை ஒன்று வந்து முழங்காலில் மோதிற்று. இடி எப்போது விழும் என்று அவன் முதுகைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"அப்பாடா!" என்றார் மாமனார்.

சாதாரண அப்பாடா இல்லை அது. இறுக்கமான செருப்பைக் கழற்றுகிறவனின் அப்பாடா.

"பாட்டில் கம்பெனிதானே மாப்ள?"

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" மீன் வலது பக்கமாக ஓட, இவனும் கரையோரமாகப் பக்கவாட்டில் நடந்தான். மாமனார் கூடவே நடந்தார்.

"நான்தானே அந்த முதலாளிகிட்டச் சொல்லி வச்சேன்! எங்க மூடியைத்தானே அவர் வாங்கறார், நான் சொன்னா தட்டுவாரா? நல்ல பிள்ளை, குடுத்த வேலையைச் செய்வார், எங்ககிட்டதான் அவருக்குன்னு வேலை ஒண்ணும் இல்லைன்னேன்."

"வேலை இல்லையா? தரப் பிரிவு?"

"அது மெஷின் பார்த்துக்குது மாப்ள. கெட்ட மூடியை எல்லாம் அது முன்னாடியே ஒதுக்கிடும். உங்க மேசைக்கு வர்றது மெஷின் பாஸ் பண்ணின மூடி. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க, போட்டேன். நீங்க பாட்டுக்குத் திறந்து மூடிக்கிட்டு இருந்தீங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம்! கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அத்தனை மூடிகள், கீழே எல்லாரும் தனக்குப் பயப்படுகிறார்கள் என்ற அந்தப் பெருமை எல்லாம் ஒரே அலையில் போய்விட்டன. புது வேலையின் பெருமையும் போயிற்று. மாமனாருக்குத் தெரியாமல் தேடிப் பிடித்த வேலையென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தானே, அதுவும் மாமனார் போட்ட நாற்காலிதான். அழுகை முட்டியது. அழவும் கை ஓயவில்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா!"

"நல்லாக் கேட்டீங்க போங்க! பொண்ணைக் குடுத்த மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்க கிளம்புங்கன்னு சொல்ற மாமனார் உண்டா? ஊர் என்ன பேசும்? என் பொண்ணு என் மூஞ்சியில முழிப்பாளா? நீங்களா வாயைத் தொறப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க சாப்பாட்டைத் தவிர எதுக்கும் வாயைத் தொறக்கல. இந்தப் பயணத்துக்கே டாக்டர் சொன்னது பாதி, இது பாதி. உங்களை மட்டும் கூப்பிட்டா சந்தேகப்படுவீங்களேன்னு இவங்க ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்தேன். பிளேன்ல நீங்க கனைக்கும்போதெல்லாம் இப்பச் சொல்வார், இப்பச் சொல்வார்னு... எனக்கு இரத்த அழுத்தம் ஏறினதுதான் மிச்சம்."

மரியாதை என்ற ஒன்று மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் முதல் வருஷமே பிழைத்திருப்பார்கள்.

"சரி சரி, பேசினது போதும்" என்று ஆமாஞ்சாமி குறுக்கே புகுந்தார். நிலைமை சுமுகமானதில் அவருக்கு உயிர் வந்துவிட்டது. "நல்லது நடந்திருக்கு. தூண்டிலை மாமாகிட்டக் குடுங்க சகலை. மாமா இழுக்கட்டும்."

மாமனாரும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "குடுங்க மாப்ள. உங்க கையில வேற ரத்தம் வருது."

குரலில் அன்புதான் இருந்தது. அதுதான் வினையே. பதினோரு வருஷமும் இதே அன்புதான்.

"மாட்டேன் மாமா."

ஆமாஞ்சாமிக்கு மூச்சு நின்றது. "என்ன சொன்னீங்க?"

"குடுக்க மாட்டேன். இது என் மீன்."

"உங்க மீன்தான் மாப்ள, யாரு இல்லைன்னா? கொஞ்ச நேரம் நான் பிடிச்சு..."

"கொஞ்ச நேரமும் கிடையாது மாமா. தள்ளி நில்லுங்க. நரம்பு மேல பட்டா அறுத்துடும்."

மாமனார் தள்ளி நின்றார். அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன மனிதன் அதுவரை பிறந்திருக்கவில்லை. அவரே கொஞ்சம் திகைத்துப் போய், நாலு அடி பின்னால் போய், குல்லாவைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அதற்கப்புறம் மீன் போனால் விட்டான், அசந்தால் சுற்றினான். தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. அலை வரும்போது பின்னால் நட, திரும்பும்போது அதோடு மல்லுக்கட்டாதே என்று அம்மாள் சொல்லச் சொல்ல, பெரிய அலை ஒன்று சுருண்டு வந்தபோது பின்னாலேயே ஓடினான். அலை வடிந்த மணலில் வெள்ளியாக ஒன்று கிடந்து துள்ளியது. அம்மாள் ஓடிப்போய் ஈரக் கையால் அமுக்கி, ஈரப்பலகையில் வைத்து அளந்தாள். தோள்பட்டையிலிருந்து அவள் விரல் நுனிவரை வைத்தும் வால் மிஞ்சிற்று. அவள் அதன் பெயரைச் சொன்னாள், யார் வாயிலும் அது நுழையவில்லை. பிறகு நடு மாப்பிள்ளையைப் பார்த்து முதல்தடவையாகச் சிரித்தாள்.

"மாமா, பக்கத்துல நில்லுங்க மாமா, மீன்ல கை வைங்க" என்று கேமரா கைபேசியைத் தூக்கினான். வாங்கும் சம்பளத்துக்கு விசுவாசமாக மாமனாரின் முகத்தைத் தெளிவாக எடுத்தான். படத்தின் ஓரத்தில் வாலும், யாருடையதோ ஒரு முழங்கையும் விழுந்தன.

மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நடு மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் இறங்கினான். அது ஒரு தரம் செவுளை விரித்தது, இன்னொரு தரம் விரித்தது, அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று. முகத்தில் வழிந்ததில் எது கடல் எது கண் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். அழுதான்.

விடுதியில் ஒரே ஒரு தொலைபேசி, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழுந்துபோய் வீட்டுக்குப் போட்டான்.

"சொல்லிட்டீங்களா?" மனைவிக்கு அலோ சொல்லக்கூடப் பொறுமையில்லை.

"சொல்லிட்டேன்."

"அப்பா கோவப்பட்டாரா?"

"இல்ல. அப்பாடான்னாரு."

மறுமுனையில் பின்னால் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"அந்த நாற்காலியை நீதான் கேட்டியா?" என்றான்.

"கல்யாணமான புதுசுல... வேலை இல்லாம நீங்க மொட்டை மாடியில நடந்துக்கிட்டே இருந்தீங்க. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர மாட்டீங்க. என்னால பார்க்க முடியலைங்க. அப்பாகிட்ட அழுதேன்." அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்சா உங்களுக்கு வலிக்கும்னு சொல்லல. தப்புதான்."

கோபம் வந்தது. நியாயமாக வரவேண்டிய அளவுக்கு வந்தது. அந்த மொட்டை மாடியும், மாடிப்படியில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண்ணும் ஞாபகம் வந்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

"புது வேலையும் உங்கப்பா சொல்லி வச்சதுதானாம்."

"அது எனக்குத் தெரியாதுங்க! சத்தியமாத் தெரியாது. இப்ப என்ன பண்ணப் போறீங்க? போவீங்களா?"

"போவேன். போன உடனே முதல் வேலையா உங்கப்பா மூடியில ஒரு கெட்ட மூடியாவது கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பறேன் பாரு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவன் சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தேய்த்தபடி நின்றான். விரலில் கட்டியிருந்த துணி கறுத்தது.

"இன்னைக்கு ஒரு மீன் பிடிச்சேன்" என்றான்.

"யாரு?"

"நான்தான்."

"அப்பா தூண்டில்ல மாட்டினதை நீங்க இழுத்துக் குடுத்தீங்களா?"

"இல்ல. என் தூண்டில். நானே இரை வச்சேன், நானே வீசினேன். உங்கப்பா கேட்டாரு, குடுக்கல."

"குடுக்கலையா?"

"குடுக்கல."

அவள் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும், அவனுக்கே காலையிலிருந்து இன்னும் பாதிதான் நம்பிக்கை வந்திருந்தது. கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எவ்வளவு பெருசுங்க?"

அவன் ரிசீவரை அப்படியே பக்கத்து மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்துக் காட்டினான்.